பச்சமுத்துவின் தும்மல்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் ஒற்றைப் பல்லும் இப்போதே விழட்டும். அதை வைத்துத்தான் முறுக்கு தின்கிறேன். ஆகையால் யோசித்துத்தான் சத்தியம் செய்கிறேன்.

ஐம்பத்தேழாம் வருஷம், ஆனி மாதக் கடைசி, பட்டப்பகல். மூக்கையும் வாயையும் துண்டால் இறுகக் கட்டிய நான்கு பேர் கடப்பாரையோடு ஆண்டாளம்மாள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். தெருவில் ஒருவரும் கூச்சல் போடவில்லை.

"காலக் கழுவிக்கினு வாங்கடா" என்றாள் ஆண்டாளம்மாள்.

ஏனென்றால் அதில் இரண்டு பேர் அவள் பெற்ற பிள்ளைகள். மூத்தவன் வேதகிரி, இளையவன் முனிரத்தினம். மற்ற இருவர், பாகம் பிரித்துவைக்க வந்த புள்ளலூர் ஏகாம்பரமும் ஒரு கொத்தனாரும்.

அப்பா பச்சமுத்து சித்திரையில் போய்ச் சேர்ந்திருந்தார். கழனி, மாடு, அண்டா, உரல் எல்லாம் பிரித்தாயிற்று. பாக்கி இருந்தது வீடு. நடுவில் ஒரு சுவர் வைப்பதென்று பேச்சு. அந்தச் சுவர் சரியாக அடுப்பின் மேல் வந்தது. ஆண்டாளம்மாளுக்கு ஒரு மாதம் இந்தப் பக்கம் சோறு, ஒரு மாதம் அந்தப் பக்கம்.

"நான் இன்னா ஏரித் தண்ணியாடா, மொற வெச்சி மட மாத்தி வுடறதுக்கு?"

"ஊர்ல அல்லாரும் பண்றதுதாம்மா" என்றான் முனிரத்தினம்.

இதற்குள் சுவர் எழுந்திருக்க வேண்டியது. சுரம்தான் தடுத்துக்கொண்டே இருந்தது. பட்டணத்தில் கப்பலிலிருந்து இறங்கிய புளூ சுரம் எங்கள் ஊருக்கும் வந்து, ஊரே தும்மிக்கொண்டிருந்தது. தும்மாதவள் ஆண்டாளம்மாள் ஒருத்திதான். காரியம் தொடங்கும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் கடப்பாரையைக் கீழே வைத்துவிட வேண்டும் அல்லவா? ஒரு முகூர்த்தத்தில் கொத்தனார் தும்மினார். இன்னொன்றில் ஏகாம்பரம். அதற்கடுத்ததில் பக்கத்து வீட்டு எருமை தும்மியது. எருமைத் தும்மல் சகுனத்தில் சேருமா என்று வாதாடி முடிப்பதற்குள் அந்த முகூர்த்தமும் போய்விட்டது.

இன்றைக்கு விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யார் சுவர் வைப்பார்கள்? அதனால்தான் துண்டு. முனிரத்தினத்தின் யோசனை. எருமைக்கும் ஒரு கோணி கட்டியிருந்தது.

"நைனா இருந்திருந்தா" என்றான் வேதகிரி துண்டுக்குள்ளிருந்து, "ஒரே தும்மல்ல நம்மள அடக்கியிருப்பாரு."

பச்சமுத்துவின் தும்மல் அப்படிப்பட்டது. வீட்டுக்கு உள்ளேயிருந்து 'ஹா…ச்சூய்' என்று ஒரு வெடி கிளம்பும். பின்னாலேயே பச்சமுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "சகுனம் சரியில்லப்பா, போய்ட்டு வாங்க" என்பார். கழனியை விலை பேச வந்தவர்கள், ஜாமீன் கேட்டு வந்தவர்கள் எல்லாம் அப்படியே வண்டி ஏறியிருக்கிறார்கள். அந்தத் தும்மலில் பனங்காய் குலைகுலையாக உதிரும் என்று சொல்வார்கள். அது மிகை. இரண்டு காய்தான் உதிரும்.

அவர் மூக்குப்பொடி போட்டு யாரும் பார்த்ததில்லை. சந்தைக்குச் சந்தை உத்திரமேரூரிலிருந்து பொடி வாங்கி வருவதை மட்டும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

"நாழி ஆவுது" என்றார் ஏகாம்பரம். "அல்லாரும் துண்டு மேலயே மூக்கப் புடிங்க. கொத்தனாரே, போடு."

ஆண்டாளம்மாள் அடுப்பை ஒரு முறை பார்த்தாள். "நான் கையால மெழுகுன அடுப்பு. ஒடைக்கறத என்னால பாக்க முடியாது" என்று உள்ளறைக்குள் போனாள். அங்கேதான் பச்சமுத்துவுக்கு ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கொத்தனார் கடப்பாரையை ஓங்கினார்.

ஹா…ச்சூய்.

உள்ளறை விளக்கு அணைந்தது. கூரையிலிருந்து ஒரு பல்லி விழுந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஆண்டாளம்மாளின் குரல் மட்டும் வந்தது: "இன்னாய்யா, வந்துட்டியா?"

கொத்தனார் ஓங்கிய கடப்பாரையை இறக்காமலே தெருவைத் தாண்டினார். ஏகாம்பரம் புள்ளலூர் போய்ச் சேரும் வரை மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. எருமை கோணியோடு ஏரியில் இறங்கிவிட்டது.

வேதகிரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். முனிரத்தினம் அவன் மேலேயே விழுந்தான்.

"சொவுரு வாணாம் நைனா" என்று அழுதான் முனிரத்தினம். "ஒரே அடுப்பு, ஒரே சோறு. அம்மா எங்கியும் போவாது. நீ மட்டும் போய்டு நைனா."

பிறகு அண்ணனும் தம்பியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கோயிலில் கற்பூரம் கொளுத்த ஓடினார்கள். மூத்த மருமகள் செல்லம்மாள் மட்டும் மெல்ல உள்ளறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

ஆண்டாளம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, பொடி மட்டையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, நீங்களா?" செல்லம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்டியே மாமா தும்மற மாதிரியே இருந்துச்சே. எப்ப கத்துக்கினீங்க?"

ஆண்டாளம்மாள் விளக்கை மறுபடி ஏற்றினாள்.

"உம் மாமனாரு ஆயுசுல ஒரு வாட்டிகூடத் தும்முனதில்லடி."