காய்ச்சாத புடிங்

அன்று காலை குசினியில் தம்பிராசாவும் அவர் மனைவி குணலட்சுமியும் அடுத்த வீட்டு நாகேஸ்வரியும் இருந்தார்கள். குணலட்சுமி தேங்காய்ப்பாலில் சீனியும் சியா விதையும் போட்டுக் கலக்கி பிரிட்ஜுக்குள் வைத்தாள். முதல்நாள் ஊறவைத்ததைக் கோப்பையில் போட்டுக் கணவரிடம் கொடுத்தாள்.

“உது கசகசாவோ மச்சாள்?” என்று நாகேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

“சியா. காய்ச்சத் தேவையில்லை, ஊறினால் புடிங்.”

“மூண்டு நாளாய் அண்ணைக்கும் உதுதானோ? நீங்கள் டயற் இருக்கிறியளெண்டு ஒழுங்கை முழுக்கக் கதை.”

தம்பிராசாவின் முகம் இறுகியது. “இண்டைக்குச் சோறு காய்ச்சும். இந்த வீட்டிலை ஒண்டும் நடக்கேல்லை.”

“நீங்கள் அப்பிடியே சொல்லுங்கோ. ஞாயிறு வரைக்கும் நான் அடுப்பு மூட்டமாட்டன்.”

“டயற்றுக்கும் நாள் பாத்தோ?” என்று நாகேஸ்வரி சிரித்தாள்.

அவள் சிரித்துக்கொண்டே போக விட்டிருந்தால் தம்பிராசாவின் மானம் தப்பியிருக்கும். தன் சொல்லை மீறிக் கலியாணம் கட்டியவள் தனக்கு மகளே இல்லை என்று பத்து வருடமாக ஊருக்குச் சொல்லி வந்தவர் அவர். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

“டயற் இல்லைப் பிள்ளை,” என்றார். “கனடாவிலை என்ரை மகள் சாருஜா செத்துப்போனாள். ஞாயிற்றுக்கிழமைதான் சவம் எடுக்கினம். அதுவரைக்கும் செத்தவீட்டிலை அடுப்பு மூட்டிறேல்லை.”