வாள்காரனுக்கு நாற்பது பக்கம்

விளையாட்டு மேசையில் வாள்காரப் பொம்மைக்கு ஒரே விதிதான்: பகடையை உருட்டு, வெட்டு. பக்கத்தில் நின்ற மந்திரவாதிப் பொம்மைக்கோ நாற்பது பக்கம் விதிகள்.

"ஒத்த வரிதானா உனக்கு? ஐயோ பாவம்!" என்றான் மந்திரவாதி.

வாள்காரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விதி எழுதும் பென்சிலோடு மல்லுக்கு நின்று, தனக்கும் நாற்பது பக்கம் எழுதி வாங்கிக்கொண்டான்.

மறுவாரம், எப்போதும் அவனை வைத்தே ஆடும் செம்மலர் வந்தாள்.

"டிராகன் வருது! என்ன செய்யப்போற?" என்று தோழிகள் கத்தினார்கள்.

செம்மலர் பக்கங்களைப் புரட்டினாள். புரட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சலித்துப்போய், ஆட்டத்தில் செத்த பொம்மையைப் படுக்கவைப்பதுபோல அவனைப் படுக்கவைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

"டேய், டிராகன் இன்னும் என் கிட்டயே வரலையேடா!" என்று மந்திரவாதியைப் பார்த்து அலறினான் வாள்காரன். "நான் எப்படிடா செத்தேன்?"