கன்னத்துச் சாந்து

“படத்தைக் கரையான் அரிச்சுப்போச்சு, அடுப்புல வச்சு எரிச்சுட்டேன்னு எங்கிட்டச் சொன்னீகளா இல்லியா?”

“மெதுவாப் பேசு. அந்தாளு வாசல்ல உக்காந்திருக்கான்.”

“சாம்பலைக்கூட அள்ளிக் காமிச்சீக...”

“அது வரட்டிச் சாம்பல். இப்ப அதுவா முக்கியம்?”

தங்கமுத்துவும் அவன் மனைவி சிவனம்மாளும் அடுப்படியில் நின்று ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸில் ஒரு மியூசியத்திலிருந்து வந்த அலுவலர் வாசல் வேப்பமரத்தடியில் காத்திருந்தார். கொடுத்த மோரைக் குடித்து முடித்திருந்தார்.

அவர் கொண்டுவந்த இரண்டு போட்டோக்கள் சிவனம்மாள் கையில் இருந்தன.

இரண்டிலும் ஒரே படம். முழ நீளப் பலகையில் எழுதிய தாயும் பிள்ளையும். முதலாவது, உலகச் சண்டைக்கு முன்னால் இத்தாலியில் ஒரு கிராமத்து மாதா கோயிலில் எடுத்தது. இரண்டாவது, போன மாதம் மியூசியத்தில் எடுத்தது.

இரண்டாவதில் பிள்ளையின் இடது கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு.

மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது அந்தப் படத்தை மியூசியத்துக்குக் கொடுத்திருந்தார். கொடைரோட்டுப் பக்கத்து ஊர்க்காரன், பட்டாளத்திலிருந்து வந்த தங்கமுத்து தனக்குக் கொடுத்தது என்று ஒரு தாளும் எழுதி வைத்திருந்தார்.

“அது வேற தங்கமுத்துன்னு சொல்லிட்டேன். ஊருக்கு நாலு தங்கமுத்து இருக்கான். நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும்.”

“அப்பக் களவாண்டுதான் கொண்டாந்தீகளா?”

“குண்டு விழுந்து இடிஞ்சு கெடந்த கோயிலு. ஒருத்தன் கடியாரத்தை எடுத்தான், ஒருத்தன் வெள்ளித் தட்டை எடுத்தான். இது மழையில நனைஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு. கம்பளியில சுத்தி எடுத்தாந்தேன். யாருக்கு எடுத்தாந்தேன்? உனக்குத்தான.”

அந்த ஊர்க்காரர்கள் பன்னிரண்டு வருடமாகத் தேடுகிறார்கள் என்று அலுவலர் வந்ததுமே சொல்லியிருந்தார். அதே மாதிரிப் படம் பக்கத்து ஊர்களிலும் உண்டாம். எங்கள் பிள்ளைக்குக் கன்னத்தில் பொட்டு கிடையாது என்கிறார்களாம். பொட்டு பிறகு வைத்ததுதான் என்று வைத்தவரே எழுதிக் கொடுத்தால் படம் கப்பலேறும். இல்லாவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். படம் மெட்ராஸிலேயே இருக்கும்.

“ஒத்துக்கிட்டா எனக்குக் களவாணிப் பட்டம். பட்டாளத்துக்காரனுக்குன்னு சர்க்கார் குடுத்த ரெண்டு ஏக்கரையும் புடுங்கிக்கிருவான். அதுல போட்ட மல்லிகையும் போச்சு, நாமளும் போனோம். சும்மா இருந்தா அது மெட்ராஸுலதான இருக்கும்? ரயிலேறுனா மறுநாள் பாத்துரலாம். நானே கூட்டிட்டுப் போறேன்.”

அவள் அதையும் யோசித்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். தொட விடமாட்டார்கள். பார்க்க விடுவார்கள்.

“எதுக்குத் துரைகிட்டக் குடுத்தீக?”

“வேற என்ன செய்ய? பலகைக்குச் சோறு ஊட்டுன. தொட்டில் கட்டி ஆட்டுன. ஊரே சிரிச்சுச்சு. செத்தே பொறந்த புள்ளைக்கு எத்தனை வருசம் இப்படி? நானும் பட்டாளத்துல அந்தக் கடுதாசியப் படிச்சேன். அழுதேன். மறுநாள் பாலம் போடப் போகலையா?”

செத்தே பிறந்தது என்று அந்தக் கடுதாசியை எழுதிப் போட்டது சிவனம்மாளின் மாமனார். அவளுக்கு எழுதத் தெரியாது.

போட்டோக்களை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அலுவலர் எழுந்து நின்றார்.

“அந்த ஊருக் கோயிலு இப்ப எப்படி இருக்கு அய்யா?”

“திரும்பக் கட்டிட்டாங்கம்மா. இந்தப் படத்துக்குன்னு சுவத்துல ஒரு ஆணி அடிச்சு வச்சிருக்காங்களாம். வேற எதையும் மாட்டலையாம்.”

அவள் போட்டோக்களைத் திருப்பி அவரிடம் நீட்டினாள்.

“எழுதிக்கங்க. பொட்டு நான் வச்சது.”

“ஏய்” என்றான் தங்கமுத்து, நிலைப்படியிலிருந்து.

அலுவலர் மறுபடி உட்கார்ந்து, மடியில் தாளை வைத்துப் பேனாவைத் திறந்தார்.

“எப்ப வச்சீங்கம்மா?”

“நாப்பத்தாறுல. இவுக கொண்டாந்த மறுநாள். அம்புட்டு அழகா இருந்துச்சு. கண்ணு பட்டுரும்னு வச்சேன்.”

“மையா?”

“சாந்து. ஜவ்வரிசியக் கருக்கித் தண்ணி விட்டுக் காச்சிக் கொட்டாங்குச்சியில ஊத்திக் காயவைக்கிறது. தண்ணி தொட்டு உரசுனா வரும்.”

“படத்துக்குன்னே செஞ்சீங்களா?”

“இல்லைங்கய்யா. மிச்சம் கெடந்துச்சு. எம்மகனுக்குச் செஞ்சது.” அவள் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. “பதினோரு மாசம் வச்சேன் அவனுக்கு. தெனமும் குளிப்பாட்டுன கையோட. காச்சல் வந்த அன்னைக்கும் வச்சேன்.”

அலுவலர் அதையும் எழுதினார். அவருக்கு அது இன்னொரு வரி.

கைநாட்டு வைத்துவிட்டு, கட்டைவிரல் மசியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அலுவலர் தாளையும் போட்டோக்களையும் பையில் வைத்துக்கொண்டு, வெயிலில் பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தார்.

அவள் மோர்ச் செம்பைக் கழுவிக் கவிழ்த்தாள்.

தங்கமுத்து நிலைப்படியை விட்டு நகரவில்லை. ரெண்டு ஏக்கரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அவனுக்குப் பேரு என்ன வச்சிருந்த?”