திருட்டு லைன்

"கமாலுதீன், மெயின் போர்டைத் திறங்க!"

கத்தியவர் பக்கத்து குவார்ட்டர்ஸ் பரமசிவம். சுரங்கக் கம்பெனியின் மின் விநியோகப் பிரிவில் உதவி இன்ஜினியர்.

சாயந்திரமானால் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. கெப்பாசிட்டர் மாட்டியாயிற்று. மூன்று ஃபேஸுக்கும் லோடைச் சமமாகப் பிரித்தாயிற்று. அப்படியும் கரண்ட் லாஸ் குறையவில்லை. யாரோ திருட்டு லைன் இழுக்கிறார்கள் என்று முடிவு கட்டி, வீடு வீடாகச் சோதனைக்குக் கிளம்பிவிட்டார்.

லைன்மேன் தனகோட்டி ஒயரில் கரண்ட் அளக்கும் டெஸ்டரை மாட்டிப் பார்த்தான்.

"ஒரு ஆம்பியர்கூட ஓடலீங்க சார்."

"பாத்தியா? எல்லா வீட்டுலயும் ஹீட்டர்ல சமையல் நடக்கிற நேரம். இங்க மட்டும் லோடே இல்ல. தெருவிளக்கு லைன்லேருந்து இழுக்கறீங்களா, கமாலுதீன்?"

"இல்லீங்க சார்."

"அப்போ சோத்தைப் பச்சையாவா திங்கறீங்க? மைன்ஸ்ல பெர்மனென்ட் வேலை. கம்பெனி சோறு தின்னுட்டு கம்பெனி கரண்டையே திருட வெக்கமா இல்ல?"

வேலியோரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. கமாலுதீன் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"தனகோட்டி, பின்னாடி போய்ப் பாரு!"

போனவன் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தான்.

"ஒயர் எதுவும் இல்லீங்க சார். கொல்லையில கல்லு வெச்சு விறகுல சமைச்சிக்கினு இருக்காங்க."

அவன் பின்னாலேயே கமாலுதீனின் மனைவி கமர் நிஷா வந்தாள். புகையில் கண் சிவந்து நீர் வழிந்தது.

பரமசிவத்தின் குரல் இறங்கியது. "ஹீட்டர் இருக்கும்போது விறகு எதுக்கும்மா?"

"ரெண்டு வூட்டுக்கும் ஒரே லைனுங்க. உங்க ஹீட்டரோட எங்களதும் போட்டா, உங்க ட்யூப்லைட் விட்டு விட்டு எரியுதாம். உங்க பொண்ணு தமயந்தி படிக்க முடியலையாம். பரீட்சை முடியற வரைக்கும் நாங்க போட வேணாம்னு..."

"நிஷா! சும்மா இரு," என்று கமாலுதீன் அதட்டினார். "சாருக்குத் தெரிய வேணாம்னுதானே அவங்க கேட்டுக்கிட்டாங்க?"

"யாரு?" என்றார் பரமசிவம்.

கமர் நிஷாவின் பார்வை வேலிப் பக்கம் போனது.

கூட்டத்தில் நின்று, அத்தனை நேரமும் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பரமசிவத்தின் மனைவி இசக்கியம்மாள், முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.