பெரணிப் படுக்கை

கார்ன்வால் காட்டில் பொழுது இப்போதுதான் வெளுக்கிறது. நிலக்கடலைக்கு ஆசைப்பட்டுச் சிக்கிய, வளை தோண்டி வாழும் காட்டு விலங்கான பேட்ஜர், கூண்டுக்கம்பி வழியாகப் பெரணி இலைகளை உள்ளே இழுத்துப் படுக்கை போட்டு, வெள்ளைக் கோடு ஓடும் முகத்தை அதில் புதைத்திருக்கிறது. கூண்டு நிற்பது தங்கை டாம்சினின் பங்குக் காட்டில். பேட்ஜரின் வளையோ அக்கா லொவேனாவின் பங்கில். தாழ்ப்பாளைப் பிடித்தபடி லொவேனா மண்டியிட்டிருக்கிறாள். “தள்ளுக்கா, ஜோரி துப்பாக்கியோட நிக்கிறான்” என்கிறாள் டாம்சின். பேட்ஜரைச் சுட அவள் கூட்டிவந்த ஆள் அவன். “மாட்டுக்குக் காசநோய் இதாலதான் வந்துச்சுன்னு யாருடி பார்த்தா?” “நோய் வந்துச்சுன்னு என் மாடுங்களைத் தொழுவத்துலயே சுட்டதை நான் பார்த்தேன். செத்த சினைமாட்டு வயித்துக்குள்ள கன்னுக்குட்டி உதைச்சுக்கிட்டே கிடந்துச்சு. அப்ப எங்கே போயிருந்த? இதுக்குத் தாலாட்டுப் பாட மட்டும் வந்துட்டியாக்கும்!”

லொவேனா கூண்டுக் கதவைத் தூக்குகிறாள். இலைக்குவியல் வெடிக்கிறது. அவளுடைய இரண்டு விரல்கள் பேட்ஜரின் பற்களுக்கிடையில் நொறுங்குகின்றன. டாம்சின் அலறிக்கொண்டு கூண்டை உதைக்கிறாள். பிடி விடுகிறது, கதவு விழுந்து மூடுகிறது. பேட்ஜர் பின்வாங்கி, இரத்தம் தெறித்த பெரணிக்குள் மறுபடி முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்குகிறது. வலி இன்னும் முழுதாக ஏறவில்லை. அதற்கு முன்பே வேறொன்று, வெகுநாளாக உள்ளே காத்திருந்தது போல, லொவேனாவின் நெஞ்சில் சூடாக எழுகிறது.

“சுடுடா.”

ஜோரி டாம்சினைப் பார்க்கிறான். அவள் தலையை மெல்ல, வேண்டாமென்று அசைக்கிறாள்.

“சுடுடாங்கிறேன்!” என்கிறாள் லொவேனா.