வேம்பு அக்கா சொன்ன பக்குவம்

“சதை போட்டு என்னம்மா பண்ணப்போறே? அடி பலமா விழணும், அதான் முக்கியம். இருக்கிறதை எல்லாம் அடியிலேயே போடு கண்ணு” என்று செல்போனில் தட்டி அனுப்பிவிட்டு, வேம்பு அக்கா மீசையைத் தடவிக்கொண்டாள்.

ஆமாம், மீசைதான். நங்கநல்லூர் வேம்பு அக்கா என்று ஒருத்தி இந்தப் பூமியிலேயே கிடையாது. மயிலாப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் ஜெயராம்தான் அந்த அக்கா.

எதற்கு இந்த வேஷம்? எல்லாம் ஹம்சினியால் வந்தது. அடையாறில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிற பெண். அங்கே ஒரு காபிக் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பூதச் சண்டை கிளப் கூடும். ஆளுக்கு மூன்று பூதங்களைப் போனில் வளர்த்து மோதவிடுகிற ஆட்டம். ஜெயராம் அதற்கு கேப்டன்.

கோயம்புத்தூர் போட்டிக்குப் போகிற நாலு பேரில் ஹம்சினியை இரண்டு வருஷமாக அவன் சேர்க்கவில்லை. இந்த வருஷமும் அதே பாட்டுதான். “உன் பூதமெல்லாம் ஓடும், ஆடும். ஒரு அடி வாங்கித் தாங்குமா? நீ பேசாம பெஞ்ச்ல உக்காந்துண்டு கைதட்டு, போதும்.”

அவள் எழுந்து நின்றுவிட்டாள். “கைதட்ட வேற ஆளைப் பாருங்க கேப்டன். நாலு வாரம் டைம் குடுங்க, மலை மாதிரி ஒருத்தனைக் கொண்டுவரேன். உங்களை ஜெயிச்சா எனக்கு சீட்டு.”

எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாளே! ஜெயராமுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “ஜெயிச்சுட்டா என் சீட்டையே எடுத்துக்கோ!” என்று கத்திவிட்டான். வீட்டுக்கு வந்த பிறகுதான், தோற்றால் சீட்டு போய்விடுமே என்று உறைத்தது. மறுநாளே வேம்பு அக்கா பிறந்து, பூதம் வளர்ப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவள் என்று ஹம்சினிக்கு மெசேஜ் தட்டிவிட்டாள்.

பாவம், ஹம்சினி சட்டென்று ஒட்டிக்கொண்டாள். பாறைப் பூதம் ஒன்று கிடைத்திருக்கிறது என்று போட்டோ அனுப்பினாள். “அண்டான்னு பேர் வச்சிருக்கேன்க்கா. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன், கிளப்ல தெரிஞ்சா ஓட்டித் தள்ளிடுவாங்க.” பேர் பொருத்தமாகத்தான் இருந்தது. உருண்டை உடம்பு, கழுத்தே இல்லை.

ஒரு பூதத்துக்கு ஐந்நூறு பயிற்சிப் புள்ளி. உயிருக்கு எத்தனை, அடிக்கு எத்தனை, காவலுக்கு எத்தனை என்று பிரித்துப் போட வேண்டும். மோதுகிற நாள் காலை வரை மாற்றிக்கொள்ளலாம். பாறைப் பூதத்துக்குப் பிறவியிலேயே கை கனம், ஆனால் தண்ணீர்தான் எமன். புள்ளியை உயிரிலும் காவலிலும் கொட்டி, சதை போடவைத்தால்தான் அது பிழைக்கும். ஜெயராமுக்கு இதெல்லாம் அத்துப்படி. அதனால்தான் வேம்பு அக்கா “அடி, அடி” என்று ஓதிக்கொண்டே இருந்தாள். “ஆகட்டும்க்கா” என்று சமர்த்தாகப் பதில் வந்தது.

மூன்றாவது ஞாயிறு, காபிக் கடை மாடிப்படியில் ஹம்சினியைப் பார்த்ததும் ஜெயராமுக்கு வாய் நமநமத்தது. “என்ன, அண்டாவுக்குத் தீனியெல்லாம் பலமா?”

ஏறிக்கொண்டிருந்தவள் ஒரு படியில் நின்றாள். அப்புறம் சிரித்தாள். “பலம்தான் கேப்டன். அடுத்த வாரம் பாக்கத்தானே போறீங்க!”

அடுத்த வாரம் மாடியில் நிற்க இடமில்லை. ஜெயராம் மூன்றையும் தண்ணீர்ப் பூதங்களாகவே இறக்கியிருந்தான். ஹம்சினியின் சின்னப் பூதங்கள் இரண்டும் போக்குக் காட்டி, அவனுடைய இரண்டைச் சாய்த்துவிட்டுத்தான் விழுந்தன. இப்போது அவனிடம் ஒரு சுறா. அவளிடம் அண்டா.

“வாடா ராஜா, வா” என்று ஜெயராம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான். சதையே போடாத பயல், ஒரே அடியில் காலி. கைவசம் இருந்ததிலேயே பெரிய வெள்ளத்தைத் திறந்துவிட்டான்.

திரை முழுக்கத் தண்ணீர். அண்டாவின் உயிர்க்கோடு சரசரவென்று இறங்கியது. பாதி, கால், அரைக்கால்... அங்கேயே நின்றுவிட்டது.

“நிக்கறான்டீ! தாங்கிட்டான்!” என்று கோயம்புத்தூர் போகிறவர்கள் பட்டியலை எழுத உட்கார்ந்திருந்த சாருலதா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

ஜெயராம் திரையை உற்றுப் பார்த்தான். எல்லாவற்றையும் அடியில்தானே போட்டாள்? இத்தனை உயிர் எங்கிருந்து வந்தது?

“என் ஆள் வாங்கிட்டான் கேப்டன். உங்க ஆள் வாங்குவானா?” என்று கேட்டுவிட்டு ஹம்சினி திரையைத் தொட்டாள். அண்டா ஒரே ஒரு குத்து விட்டது. சுறா சுருண்டு விழுந்தது.

மாடியே அதிர்ந்தது. சாருலதா யாரையும் கேட்கவில்லை. ஜெயராம் பேரை அடித்துவிட்டு அந்த இடத்தில் ஹம்சினி என்று எழுதினாள்.

கூட்டம் காபிக்கு இறங்கிப் போன பிறகும் ஜெயராம் நாற்காலியை விட்டு எழவில்லை. “இந்தப் பக்குவத்தை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தா?” என்றான்.

ஹம்சினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வேம்பு அக்காவை ரொம்பக் கேட்டதா சொல்லுங்க.”