அதே தேங்காய்

தன் கோளாறைத் தானே கண்டுபிடித்து எழுதி அனுப்பத் தெரிந்த டேட்டாபேஸ் அது. பாதி உலகத்து ஆஸ்பத்திரிகள் அதை நம்பித்தான் ஓடின. ஆனால் அதற்கே பிடிபடாத கோளாறு ஒன்று இருந்தது. எப்போதாவது, எங்கேயாவது, ஒரு நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்ற குறிப்பு மட்டும் காணாமல் போய்விடும். தன்னார்வலர்களின் வீடுகளில் இருந்த சோதனைக் கணினிகள் அந்தத் தவறை மறுபடி நிகழ்த்திப் பார்க்க முயன்று தோற்றுக்கொண்டே இருந்தன. அவற்றில் ஒன்று ஈரோட்டில், பூங்கோதையின் சமையலறை அலமாரியில் இருந்தது.

குளித்துவிட்டு வந்தவள் பதறிப்போனாள். "என்னங்க, இந்தப் பிளக்கை ஏன் புடுங்குனீங்க?"

"மிக்ஸி போட வேற எடமில்ல அம்மிணி. சட்னிதான, ஒரு நிமிசம்னு..." கணவர் தனபாலன் இழுத்தார்.

அவசரமாகச் சொருகினாள். திரை விழித்தது. 'குறிப்பு காணாமல் போனது. கோளாறு முதல்முறையாக நம் கையில் சிக்கியிருக்கிறது. என்ன செய்தீர்கள்?'

நடந்ததை அப்படியே எழுதினாள். லிமாவிலும் நைரோபியிலும் ஒசாகாவிலும் சோதனைக் கணினிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் வேலையை நிறுத்தின. 'எல்லோரும் கவனிக்கிறோம். அப்படியே இன்னொரு முறை செய்யுங்கள்.'

பூங்கோதை அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். தனபாலன் கோயிலுக்குள் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தேங்கா தீந்துபோச்சு. பொட்டுக்கடலை போட்டா ஆகுமான்னு கேளு."

கேட்டாள். உலகம் கொஞ்ச நேரம் யோசித்தது.

'வேண்டாம். காத்திருக்கிறோம்.'

தனபாலன் சட்டையை மாட்டிக்கொண்டு தேங்காய் வாங்க ஓடினார்.